திறந்த கோப்ரா கிட் காருக்குள் சூடும் சத்தமும்: எதை எங்கே ஒட்டுவது?

பாகங்களின் தொகுப்பாக விற்கப்படும் கிட் காரைத் தன் கையால் கட்டுகிறவர் எஞ்சின், கியர்பாக்ஸ், பெயின்ட் நிறம் ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார். உட்புறத் தகடுகளின்மேல் எதை ஒட்டுவது என்ற கேள்வி பெரும்பாலும் கார்பெட் வாங்கும் நாளில்தான் அவருக்கு நினைவு வருகிறது. அதற்குள் எஞ்சின் உட்கார்ந்திருக்கும், பாடியும் மேலே ஏறியிருக்கும், சூட்டைத் தடுப்பதற்கு மிகவும் பயனுள்ள இடங்களுக்குக் கை போகாத நிலை வந்திருக்கும். தொழிற்சாலையில் தயாராகும் கார்களில் இந்த முடிவைப் பொறியாளர்கள் எடுத்துவிடுகிறார்கள். கிட் காரில் அது முழுக்கக் கட்டுகிறவர் தலையில் விழுகிறது. சந்தையிலோ ஒவ்வொரு பொருளும் சத்தத்தையும் சூட்டையும் ஒருசேர அடக்கும் என்ற உறுதிமொழியோடுதான் விற்கப்படுகிறது. அந்த உறுதிமொழிகளைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது, எதற்குப் பணம் கொடுப்பது வீண் என்பதை ஒப்பிட்டுச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒப்பீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேர்ஹாம் என்ற ஊரில் இயங்கும், 1995-இல் தொடங்கப்பட்ட ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் நிறுவனத்தின் மார்க் 4 ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத கார், 1960-களின் ஷெல்பி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பின்பற்றிய கிட். எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம், அதன்மேல் ரிவெட் அடித்துப் பொருத்தும் சுமார் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஃபைபர்கிளாஸ் பாடி என்பதுதான் அதன் அமைப்பு. முன்னே ஒரு ஃபோர்டு வி8 எஞ்சின் உட்காரும். பிற நிறுவனங்கள் தயாரிக்கும் கோப்ரா நகல்களும் ஏறத்தாழ இதே அமைப்பில்தான் இருக்கின்றன என்பதால் கீழே வருவனவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இந்தக் காரின் சிக்கல் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. எஞ்சின் சட்டகத்தில் மிகவும் பின்தள்ளி உட்காருவதால், ஓட்டுநரின் கால்கள் எஞ்சினுக்குப் பின்னால் அல்ல, ஏறத்தாழ அதன் பக்கவாட்டிலேயே நீண்டிருக்கின்றன. பெடல்களும் கால்களும் இருக்கும் அந்த ஒடுங்கிய அலுமினியப் பெட்டியை ஃபுட்பாக்ஸ் என்பார்கள். அதன் உட்சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் பிளாக். முன்சுவருக்கு எதிரே, சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுத்துச்செல்லும் ஹெடர் குழாய்கள். அவை பாடியின் பக்கவாட்டைத் துளைத்து வெளியேறி, கதவுக்குக் கீழே சைடு பைப்பாக ஓடுகின்றன. இறங்கும்போது அந்தக் குழாயில் கெண்டைக்கால் பட்டுச் சுட்டுக்கொள்வதற்குக் கோப்ரா உரிமையாளர்கள் பாம்புக்கடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இடப்பக்கம் அமரும் ஓட்டுநரின் பாதங்கள் சூட்டுக்கு நடுவே இருக்கின்றன, இடச்செவி புகைக்குழாயின் வாய்க்கு அருகே இருக்கிறது.

இந்த இரண்டில் முதலாவதை நிச்சயம் சரிசெய்ய முடியும். இரண்டாவதை ஓரளவுக்கு மேல் முடியாது. திறந்த காருக்கு எதை வாங்குவது என்ற முடிவு முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

சூடு வரும் மூன்று வழிகள்

ஃபுட்பாக்ஸுக்குள் சூடு மூன்று வழிகளில் வருகிறது. ஹெடரின் மேற்பரப்பு சாதாரண ஓட்டத்திலேயே முந்நூறு, நானூறு டிகிரி செல்சியஸ் வரை போகும். அதிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சு நேராக அலுமினியச் சுவரைத் தாக்குகிறது. ரேடியேட்டரைக் கடந்துவந்த சூடான காற்று, எஞ்சின் அறையிலிருந்து வெளியேற வழி தேடி, தகடுகளின் இடுக்குகளிலும் துளைகளிலும் புகுந்து உள்ளே வருகிறது. இவ்விரண்டாலும் சூடேறிய தகடு, தன்னைத் தொட்டிருக்கும் கார்பெட்டுக்கும் செருப்புக்கும் சூட்டைக் கடத்துகிறது.

கடையில் விற்கும் பொருள்கள் எல்லாம் முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உரியவை. நடுவில் உள்ள வழிக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு டியூப் சிலிக்கோன் மட்டுமே, அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. ரிவெட் அடிப்பதற்கு முன் தகடும் சட்டகக் குழாயும் சேரும் இடத்தில் தொடர்ச்சியாக ஒரு கோடு சிலிக்கோன் விடுவது, ஸ்டீயரிங் தண்டு நுழையும் துளைக்கு ரப்பர் உறை போடுவது, ஒயர்கள் செல்லும் துளைகளுக்கு கிராமெட் என்ற ரப்பர் வளையம் மாட்டுவது, மூலைகளில் தகடுகள் முழுமையாகச் சேராமல் விட்ட முக்கோண ஓட்டைகளை அலுமினியத் துண்டு வைத்து மூடுவது ஆகிய நான்கையும் செய்யாத காரில் எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பை ஒட்டினாலும் கணுக்காலில் சூடான காற்று வீசிக்கொண்டுதான் இருக்கும். சோதித்துப் பார்ப்பதும் எளிது: இருட்டிய பிறகு எஞ்சின் பக்கம் ஒரு பிரகாசமான விளக்கை வைத்துவிட்டு, ஃபுட்பாக்ஸுக்குள் தலையை விட்டுப் பார்த்தால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம். இந்த இடுக்குகள் வழியே வருவது சூடான காற்று மட்டுமல்ல, பெட்ரோல் வாடையும் புகையும்கூட என்பதால், இதை ஒப்பீட்டுக்கு உட்பட்ட ஒரு விருப்பமாக நான் கருதவில்லை. செய்தே ஆக வேண்டிய வேலை இது.

உள்ளே ஒட்டுபவை

உட்புறத்தில் ஒட்டும் பொருள்களில் அதிகம் விற்பது, ஒரு பக்கம் அலுமினிய ஃபாயிலும் மறுபக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பரும் கொண்ட விரிப்பு. டைனாமேட் என்ற பெயரைச் சொன்னால் பலருக்குப் புரியும். அதே வகையில் விலை குறைந்த பல பெயர்களும் உண்டு. இது செய்யும் வேலை ஒன்றே ஒன்று: தகடு அதிரும்போது ஃபாயிலுக்கும் தகட்டுக்கும் நடுவே அகப்பட்ட ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் டனல் தகட்டை, அதாவது இருக்கைகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடும் தகட்டை, விரல் முட்டியால் தட்டினால் தாம்பாளத்தைத் தட்டியது போல ஒலி நீளும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை ஒட்டி ரோலரால் அழுத்திவிட்டுத் தட்டினால் ஒலி எழுந்த இடத்திலேயே செத்துவிடும். ரோலரால் அழுத்துவது இங்கே முக்கியம், ஏனெனில் ரப்பர் தகட்டோடு முழுமையாகப் பற்றாத இடத்தில் அது வெறும் சுமையாகத்தான் இருக்கும். ஃபாயிலின் விளிம்பு பிளேடைப் போல விரலை அறுக்கும் என்பதால் கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

தகட்டின் நடுப்பகுதியில்தான் அதிர்வு அதிகம் என்பதால் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு பரப்பை மூடினாலே பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. மீதிப் பரப்பையும் மூடுவது செலவையும் எடையையும் கூட்டும் அளவுக்கு அமைதியைக் கூட்டுவதில்லை. எடைக் கணக்கு எளிமையானது. 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 2.7 கிலோ, இந்த விரிப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ. கேபினின் தரை, ஃபுட்பாக்ஸ்கள், டனல், பின்சுவர் ஆகியவற்றைச் சேர்த்துச் சுமார் 4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுமையாக ஒட்டினால் 9 கிலோ, தேவையான இடத்தில் மட்டும் ஒட்டினால் 3 கிலோ. மொத்தமே ஏறத்தாழ 1000 கிலோ எடையுள்ள காரில், அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தையே அதன்மேல் அதே எடைக்கு ரப்பரை ஒட்டி இல்லாமல் செய்வது எனக்கு உவப்பானதாக இல்லை.

இதே வேலையைச் செய்வதாகச் சொல்லித் தார் கலந்த விரிப்புகள் பாதி விலைக்கும் கிடைக்கின்றன. சாதாரணக் காரின் டிக்கி கதவுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஹெடருக்கு ஒரு தகடு தள்ளி இருக்கும் சுவரில் தார் இளகும், நாறும், செங்குத்தான இடங்களில் மெல்லச் சறுக்கி இறங்கும். கோப்ராவின் ஃபுட்பாக்ஸுக்கு அதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

பியூட்டைல் விரிப்பின் மினுமினுக்கும் ஃபாயிலைப் பார்த்து அது சூட்டையும் திருப்பி அனுப்பும் என்று பலர் நம்புகிறார்கள். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அந்தப் பரப்பின் எதிரே காற்றிடைவெளி இருக்க வேண்டும். ஒருபுறம் ரப்பரும் மறுபுறம் கார்பெட்டும் நெருக்கிக்கொண்டிருக்கும் ஃபாயிலுக்குத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. அது வெறுமனே சூட்டைக் கடத்தும் உலோகமாகவே நடந்துகொள்கிறது. ரப்பரின் தடிப்போ 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே சூட்டுக்கு என்று இதை இரட்டை அடுக்காக ஒட்டுவது, போர்வைக்குப் பதிலாகத் தட்டைப் போர்த்திக்கொள்ளும் கதைதான்.

உண்மையில் கடத்தலைத் தடுப்பது மூடிய கண்ணறைகளைக் கொண்ட ஃபோம். அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 0.035 முதல் 0.04 வாட் அளவில் இருப்பதால், 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபோம், 2 மில்லிமீட்டர் பியூட்டைல் அடுக்கைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான தடையைத் தருகிறது. எடையோ பாலிஎத்திலீன் வகையில் சதுர மீட்டருக்கு அரைக் கிலோவைத் தாண்டாது. கண்ணறைகள் மூடியிருப்பதால் நீரையும் உறிஞ்சாது. திறந்த காரில் இது சிறிய விஷயமல்ல: சணல் நார் அல்லது பழந்துணியால் செய்த ஃபெல்ட், விலை குறைவாகவும் ஒலியை நன்றாக உறிஞ்சுவதாகவும் இருந்தாலும், ஒரே ஒரு மழையில் நனைந்து கார்பெட்டுக்கு அடியில் வாரக்கணக்கில் ஈரமாகக் கிடந்து, பூஞ்சையையும் எஃகுக் குழாயில் துருவையும் வளர்க்கும். கூரையுள்ள காரில் நல்ல பொருள், கூரையில்லாத காரில் தொல்லை.

ஃபோமில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓட்டுநரின் ஃபுட்பாக்ஸ் ஏற்கெனவே ஒடுக்கம். இரு சுவர்களிலும் 12 மில்லிமீட்டர் ஃபோமும் கார்பெட்டும் ஏறினால், அகலமான ஷூ அணிபவருக்கு ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே காலுக்குள் வந்துவிடும் அபாயம் உண்டு. எனவே உள்ளே 6 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பதும், பெடல் முழுமையாக இறங்கும் பாதையில் எதையும் ஒட்டாமல் விடுவதும் நல்லது. அடுத்தது தீ. அமெரிக்காவில் காரின் உட்புறப் பொருள்களுக்கான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 என்ற விதி, பொருள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது என்கிறது. இந்தச் சோதனையில் தேறியதாகக் குறிப்பிடப்பட்ட ஃபோமையே வாங்க வேண்டும்; சோபாவுக்கும் மெத்தைக்கும் விற்கும் பாலியூரித்தேன் பஞ்சு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பெட்ரோல் குழாய் ஓடும் காருக்குள் வரக் கூடாது.

வீட்டுக் கூரைக்கு விற்கப்படும் குமிழி ஃபாயில், அதாவது இரண்டு ஃபாயில்களுக்கு நடுவே பிளாஸ்டிக் குமிழிகள் கொண்ட ரிஃப்ளெக்டிக்ஸ் போன்ற விரிப்பு, விலையில் எல்லாவற்றையும் வென்றுவிடும். ஆனால் அது தாங்கக்கூடியதாக ரிஃப்ளெக்டிக்ஸ் குறிப்பிடும் உச்ச வெப்பம் சுமார் 82 டிகிரி செல்சியஸ். கால் மிதிக்கும் இடத்தில் குமிழிகள் நசுங்கிப்போகும். ஃபாயிலின் எதிரே இடைவெளியும் இருக்காது. பின்பக்க டிரங்கின் சுவருக்கு அது தாராளமாகப் போதும். ஃபுட்பாக்ஸுக்கு வேண்டாம்.

துப்பாக்கியால் தெளிக்கும் செராமிக் பூச்சுகள் தனி வகை. லிசார்ட்ஸ்கின் போன்றவை நீரில் கரைத்த பிசினுக்குள் நுண்ணிய செராமிக் துகள்களைக் கொண்டவை. பல அடுக்குகளாகத் தெளித்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். மடிப்பு, மூலை, ரிவெட் தலை என்று எதையும் விடாமல் மூடுவதும், நீர் தேங்க இடம் தராததும், கேபினின் இடத்தைத் தின்னாததும் இதன் சிறப்புகள். சத்தத்துக்கு ஒரு வகை, சூட்டுக்கு ஒரு வகை என்று தனித்தனியாக விற்பதையும், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிக்க வேண்டியிருப்பதையும் வாங்குகிறவர் கணக்கில் கொள்ள வேண்டும். கம்ப்ரெசர், அதற்கென்ற தெளிப்பான், மறைத்து ஒட்டும் வேலை, காய்வதற்கான காத்திருப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் செலவு ஃபோமைவிடப் பல மடங்கு. தடிப்பு இவ்வளவு குறைவாக இருக்கும்போது கடத்தலுக்கு எதிராக அது 6 மில்லிமீட்டர் ஃபோமுக்கு ஈடாகும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். கார்பெட் போடாமல், பந்தயக் காரைப் போலத் தகடு தெரிய விட விரும்புகிறவருக்கு மட்டும் இது சரியான தேர்வு.

வெளியே நிற்பவை

இதுவரை சொன்ன எல்லாம், சூடு தகட்டுக்கு வந்த பிறகு அதை எதிர்கொள்பவை. தகட்டுக்கு வராமலே தடுப்பது இன்னொரு வழி. செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் அதிகப் பயன் தருவது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது. வெப்பக் கதிர்வீச்சு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடும். 400 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஹெடரின் மேற்பரப்பை 300 டிகிரிக்கு இறக்கினால், மற்றவை மாறாதவரை, அது உமிழும் கதிர்வீச்சு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. உள்ளே எத்தனை அடுக்கு ஒட்டினாலும் இந்தப் பாதியை அவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

ஹெடரின் வெப்பத்தை இறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழாயின் உள்ளும் புறமும் செராமிக் பூச்சு போட்டு வாங்குவது. மற்றொன்று, கண்ணாடி இழை அல்லது எரிமலைப்பாறை இழையால் ஆன நாடாவைக் குழாயின்மேல் இறுகச் சுற்றுவது. நாடா மிகவும் மலிவு, சூட்டைத் தடுப்பதிலும் சளைத்ததல்ல. ஆனால் அது ஈரத்தைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். சாதாரண எஃகில் செய்த ஹெடர் அந்த ஈரத்தாலும், குழாய்ச்சுவர் கூடுதலாகச் சூடேறுவதாலும் விரைவில் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு ஹெடரில் இந்தக் கவலை குறைவு. கசிந்த எண்ணெயை நாடா உறிஞ்சிக்கொண்டால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. மேலும், கோப்ராவில் ஹெடர் வெளியே தெரியும் அழகுப் பொருள். துணி சுற்றிய குழாய் பாடியின் பக்கவாட்டிலிருந்து எட்டிப்பார்ப்பதைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. எனவே பூச்சே மேல். ஹெடரை எஞ்சினில் மாட்டும் முன்பே அனுப்பிப் பூசி வாங்க வேண்டும் என்பதால், இந்த முடிவைத் தள்ளிப்போட முடியாது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, ஃபுட்பாக்ஸின் வெளிப்புறத்தில், ஹெடரைப் பார்த்த சுவருக்கு முன்னால் ஒரு கவசத் தகடு. அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள பளபளப்பான அலுமினியத்தைச் சுவரின் வடிவத்துக்கு வெட்டி, நான்கு மூலைகளிலும் சுமார் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு ஸ்பேசர் வைத்துச் சுவரோடு ஒட்டாமல் நிறுத்த வேண்டும். ஹெடரைப் பார்த்த பளபளப்பான முகம் கதிர்வீச்சைத் திருப்புகிறது. பின்னால் உள்ள இடைவெளியில் ஓடும் காற்று, கவசம் ஏற்றுக்கொண்ட சூட்டை எடுத்துச்செல்கிறது. அந்த இடைவெளி மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். அழகுக்காக விளிம்புகளைச் சிலிக்கோனால் மூடிவிட்டால் காற்று தேங்கி, பயனில் பாதி போய்விடும். கவசத்தில் எண்ணெயும் தூசியும் படிந்து மங்கினால் திருப்பும் திறனும் குறையும் என்பதால், எட்டித் துடைக்கக்கூடியவாறு ரிவெட்டுக்குப் பதில் திருகாணியில் மாட்டுவது நல்லது. அளவெடுப்பதற்கு எஞ்சின் உட்கார்ந்திருக்க வேண்டும், பாடி ஏறாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் இந்த வேலைக்கு உரியது.

இன்னொன்றையும் வெளிப்பக்கத்தில் சேர்க்கலாம். காரின் முகப்பில் உள்ள துளைகளிலிருந்து 3 அங்குலக் குழாய் ஒன்றை ஃபுட்பாக்ஸ் வரை இழுத்து, மூடித் திறக்கும் ஒரு வால்வை வைத்தால், ஓடும்போது வெளிக்காற்று பாதத்தில் வீசும். இது சூட்டைத் தடுப்பதில்லை, வந்த சூட்டை விரட்டுகிறது. நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது பயனில்லை என்ற குறை இருந்தாலும், செலவைப் பார்க்கும்போது இதை விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

கனத்தால் தடுப்பது: ரோட்ஸ்டருக்கும் கூப்பேக்கும் ஒரே விடை இல்லை

காற்றில் வரும் ஒலியை நிறுத்தக் கனம் வேண்டும். அதற்கென விற்கப்படுவது, தாதுப்பொடி கலந்து கனமாக்கிய வைனில் விரிப்பு. சதுர அடிக்கு ஒரு பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.9 கிலோ. சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டளவில் 6 டெசிபெல் குறையும் என்பதால், 2.7 கிலோ அலுமினியத்தோடு இதைச் சேர்த்தால் கணிசமான பயன் காகிதத்தில் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு, சுவரில் ஓட்டை இல்லை என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. ஒரு சுவரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி ஒன்பது பங்கை எவ்வளவு கனமாக்கினாலும் அந்தச் சுவர் மொத்தத்தில் 10 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. ரோட்ஸ்டரில் திறந்திருப்பது பத்தில் ஒன்றல்ல, தோளுக்கு மேல் முழுவதும். நெடுஞ்சாலையில் காற்றின் இரைச்சலும் சைடு பைப்பின் முழக்கமும் தரை வழியாக வருவதில்லை, தலைக்கு மேலாக வருகின்றன. 20 கிலோ வைனிலைச் சுமந்துகொண்டு அதே சத்தத்தைக் கேட்பதில் பொருளில்லை. ஒரு ஜோடி காதடைப்பான் அதைவிட அதிகம் செய்யும்.

உறிஞ்சும் ஃபோமும் இங்கே உதவாது. வி8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 2000 சுற்றில் அதன் அடிப்படை ஒலி சுமார் 133 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் இரண்டரை மீட்டர். அதை 6 மில்லிமீட்டர் பஞ்சு உறிஞ்சும் என்று எந்தப் பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டியதில்லை. ஃபோம் குறைப்பது, டயரிலிருந்து தெறிக்கும் சிறு கற்கள், கியர்களின் சிணுங்கல் போன்ற மேல்சுருதி ஒலிகளை மட்டுமே. கற்களைப் பற்றிப் பேசும்போது, பாடியின் சக்கர வளைவுகளுக்கு அடிப்புறம் பிக்கப் வண்டிகளின் பின்தொட்டிக்குப் பூசும் தடித்த பூச்சைப் போடுவது இரட்டைப் பயன் தரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்: சத்தம் குறையும், கல் பட்டு ஃபைபர்கிளாஸில் சிலந்தி வலை போல விரிசல் விழுவதும் குறையும்.

கூப்பே, அதாவது நிலையான கூரையுள்ள கார் என்றால் முடிவு மாறிவிடுகிறது. 1964-இல் லெ மான் பந்தயத்தில் ஜிடி பிரிவை வென்ற டேடோனா கூப்பேயைப் பின்பற்றி இதே நிறுவனம் டைப் 65 என்ற கிட்டை விற்கிறது. சட்டகமும் தகடுகளும் ஏறத்தாழ அதே வகைதான், ஆனால் மேலே கூரையும் பின்னால் பெரிய கண்ணாடியும் உண்டு. வந்த சூடு வெளியேறாது. எழுந்த ஒலி உள்ளேயே எதிரொலித்து, குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் காதை அடைக்கும் உறுமலாகத் திரளும். அங்கே பியூட்டைலைத் தாராளமாக ஒட்டுவதும், டனல், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் சுவர், தரை ஆகியவற்றில் ஃபோமின்மேல் வைனிலை இடைவெளியின்றி விரித்து இணைப்புகளை நாடாவால் மூடுவதும், கூரையின் உட்புறத்தில் ஃபோம் ஒட்டுவதும் நியாயமான செலவுகள். 25 கிலோ கூடினாலும் அந்தக் காரில் நாள் முழுவதும் பயணிக்க முடிகிறது என்றால் அது கொடுக்கத்தக்க விலையே.

எதை எதோடு சேர்ப்பது

ரோட்ஸ்டரைக் கட்டுகிறவருக்கு என் பரிந்துரை இதுதான்: இடுக்குகளை மூடுதல், செராமிக் பூச்சுள்ள ஹெடர், இடைவெளியுள்ள வெளிக்கவசம், டனலிலும் தரையிலும் பின்சுவரிலும் தகட்டின் நடுவில் மட்டும் பியூட்டைல் துண்டுகள், அவற்றின்மேல் உட்புறம் முழுவதும் 6 மில்லிமீட்டர் ஃபோம், கடைசியாகக் கார்பெட். கேபினுக்குள் ஏறும் எடை கார்பெட்டைத் தவிர்த்து ஐந்து கிலோ அளவில் நின்றுவிடும். பணம் போதாவிட்டால் வெட்ட வேண்டியது பியூட்டைலை, கவசத்தை அல்ல. இரண்டு ஃபுட்பாக்ஸுக்கும் சமமாகச் செலவிட வேண்டியதில்லை என்பதும் உண்மை, ஆயினும் பயணி பக்கத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் உடன் வருபவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் கணக்கில் எடுக்கலாம்.

ஒட்டும்போது மறக்கக் கூடாதவை சில. தகட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் பிடிக்காது என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மாசசூசெட்ஸ் குளிர்காலத்தில், சூடேற்றாத கராஜில் பியூட்டைல் ஒட்டாது. கார்பெட்டுக்கு வாங்கும் ஸ்பிரே பசை, வெயிலில் நிற்கும் காரின் சூட்டைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். டனலின் மேல்மூடி, கியர்பாக்ஸைப் பார்ப்பதற்காக ஒருநாள் கழற்றப்படும். அதன் ஓரங்களைத் தாண்டி அடுத்த தகட்டின்மேல் ஃபோமையோ கார்பெட்டையோ ஒட்டிவிட்டால் அந்த நாளில் எல்லாவற்றையும் கிழிக்க நேரும். தரையின் வடிகால் துளைகளையும் மூடிவிடாமல், அவற்றைச் சுற்றி வெட்டி விட வேண்டும்.

கார்பெட்டை ஒட்டுவதற்கு முன், ஃபோம் நிலையிலேயே காரைச் சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாக நல்ல பலன் தருகிறது. ஃபுட்பாக்ஸ் சுவரின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பளபளப்பான அலுமினியத்தை நோக்கி அதைப் பிடித்தால், அது காட்டும் எண் உண்மையைவிட மிகக் குறைவாக இருக்கும், ஏனெனில் அந்தப் பரப்பு தன் சூட்டை உமிழ்வதே குறைவு. சுவரில் ஒரு துண்டு கறுப்பு மங்கல் நாடாவை ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும். அப்படி அளந்ததில் சுவர் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் கவசம் போதவில்லை, அல்லது கவசத்தின் பின்னால் காற்று ஓடவில்லை. சுவர் மிதமான சூட்டில் இருந்தும் கால் வேகிறது என்றால், எங்கோ ஓர் இடுக்கு இன்னும் திறந்திருக்கிறது. இருட்டிய பிறகு மறுபடி விளக்கை வைத்துத் தேட வேண்டியதுதான்.